இரண்டு இழுப்பு

எங்கள் ஊருக்கு வந்து பொன்னப்பன் வீடு எது என்று விசாரித்தால், "எந்தப் பொன்னப்பன், இரிக்குற பொன்னப்பனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கிணறு வெட்டுகிற ஆளுக்கு இப்படி, உட்காருகிறவன் என்று, ஒரு பட்டப்பெயர் இருந்தால் பிழைப்பு நடக்குமா? நடந்தது. பாறசாலையிலிருந்து செங்கல் ஊருக்குப் போகிற வழியில் இருபுறமும் உள்ள வீட்டுக் கிணறுகளில் பாதி அவர் வெட்டியவைதான். உட்கார்ந்து உட்கார்ந்தே வெட்டினார்.

நான் ஓமனக்குட்டி. அவர் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கத்துக்காரி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், அது பொய்யில்லை. ஜன்னலுக்கு நேரே பொன்னப்பன் வீட்டு முற்றம். அதனால் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்ததுண்டு.

அவர் வேலை செய்கிற விதம் ஊரில் வேறு யாருக்கும் வராது. விடிகாலையில் எழுந்தால் யாரிடமும் பேச மாட்டார். மண் வெட்டுகிற கூந்தாலியை முந்தின நாள் சாயங்காலமே தீட்டி வைத்துவிடுவார், காலையில் இருக்கிற பெலத்தைத் தீட்டுவதில் செலவழிக்கக் கூடாது என்று. நாலு துண்டு மரச்சீனிக்கிழங்கு, உப்பும் மிளகும், அவ்வளவுதான் காலைச் சாப்பாடு. வீட்டில் சண்டை நடந்த அன்று கிணற்றில் இறங்கவே மாட்டார். வெட்டுகல் மாதிரி கடினமான பாளத்தைக் காலையில் வெட்டுவார், இளகின மண்ணை மத்தியானத்துக்கு மிச்சம் வைப்பார். ஏழெட்டுக் கடவப் பெட்டி மண் மேலே அனுப்பியதும், கை நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, கூந்தாலியைச் சாய்த்துவிட்டுக் கிணற்றுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார். முதுகு சுவரில், கை இரண்டும் முழங்கால் மேல், கண் திறந்தபடி. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி ஏழெட்டுக் கடவம். வீட்டுக்காரர்கள் மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நானே ஒருநாள் கேட்டேன். "பொன்னப்பண்ணா, ஒமக்குக் கூலி கைக்கா, இரிப்புக்கா?"

அவருக்குக் கோபம் வராது. "களைச்சப்பொறவு இரிக்கது இரிப்பு இல்ல ஓமனே, விழுகையாக்கும். களைக்கதுக்கு முன்னால இரிக்கணும்" என்றார். "கெணத்துக்குள்ள களைச்சா மொதல்ல போறது கையில்ல, கண்ணு. மேல இருந்து மண்ணு பொட்டி வாறது தெரியாது. கை அது பாட்டுக்கு வெட்டிக்கிட்டு நிக்கும்."

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற வெட்டுக்காரர்கள் மூச்சு வாங்க வாங்க வெட்டி, இடையில் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, எழுந்து வந்து முடிக்கிற வேலையை இவர் அவர்களுக்கு முன்பே முடித்துவிடுவார். அதனால்தான் திட்டிக்கொண்டே கூப்பிட்டார்கள்.

மேலே கப்பியில் கயிறு இழுப்பது அவர் மனைவி புஷ்பபாய். ஆள் ஒல்லி, ஆனால் கை இரும்பு. வேலை நேரத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே கிடையாது, கயிறுதான் பேசும். கீழேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால், கடவம் நிறைந்தது, தூக்கு என்று அர்த்தம். இரண்டு இழுப்பு என்றால், நான் மேலே வருகிறேன், கயிற்றை இறுக்கிப் பிடி. சுவரில் வெட்டிய கால்குழிகளில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவார். கிணற்று வாய்க்கு மேல் நின்று உள்ளே இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இது அவர் ஒருவருடைய சட்டமில்லை, எங்கள் பக்கத்துக் கிணற்று வெட்டுக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மூச்சு செலவாகும் என்பார் பொன்னப்பன். கூப்பிட்டால் வேறு ஏதாவது பதில் சொல்லும் என்பார்கள் மற்றவர்கள். புஷ்பபாய்க்கு இதில் சிரமமே இல்லை. கட்டின நாளிலிருந்து அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை.

வேறு ஏதாவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். அதற்குச் சுந்தரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுந்தரன் பொன்னப்பனோடு கூட வெட்டிக்கொண்டிருந்தவன், நல்ல தேகக்கட்டு. உட்காருகிறதைப் பார்த்துக் கேலி செய்த முதல் ஆள் அவன்தான். நிலச்சீர்திருத்தம் வந்து, பிறர் பூமியில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கெல்லாம் பத்து சென்ட் பட்டா கிடைத்த புதிதில், கிணறு வெட்ட ஆள் கிடைக்காமல் ஊரே அலைந்தது. அதுவரை தம்புரான் வீட்டுக் கிணற்றில் காத்து நின்று குடிக்க வெள்ளம் கோரினவர்கள் எல்லோருக்கும் சொந்தக் கிணறு வேண்டும். அந்தக் கோடையில் சுந்தரன் ஓய்வே இல்லாமல் வெட்டினான். ஒருநாள் மேலே வந்து, கீழே இன்னொரு கூந்தாலிச் சத்தம் கேட்கிறது என்று சொன்னானாம். மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே தாளத்தில், களைப்பே இல்லாமல். அந்தத் தாளத்துக்கு நம் கையும் விழுந்தால் களைப்பு போய்விடுகிறது என்று சிரித்தானாம்.

அதற்குப் பிறகு சுந்தரன் களைத்து யாரும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவான். பிறகு பம்பாய் போய் அங்கிருந்து பேர்ஷ்யாவுக்குக் கப்பல் ஏறினான். ஊரே அவனைப் புகழ்ந்தது. அவன் அம்மா பங்கஜாட்சி மட்டும் தினமும் அவன் கடைசியாக வெட்டிய கிணற்றங்கரைக்குப் போய் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். "எனக்க மோன் இஞ்சயாக்கும் நிக்கியான்" என்பாள். பைத்தியம் என்று நாங்கள் சிரித்தோம். பொன்னப்பன் சிரிக்கவில்லை. அந்த வழியாகப் போக நேர்ந்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு போவார்.

"அந்தச் சத்தம் கேட்டா மேல வந்திரணும்" என்று புஷ்பபாயிடம் சொல்லியிருக்கிறார். "அது தாற பெலன் நம்ம பெலன் இல்ல. களைக்காத ஆளுக்கு அது கேக்காது. அதுக்குத்தான் நான் இரிக்கேன்."

இவ்வளவு சொன்னால் போதும். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பொன்னப்பனுக்கும் பத்து சென்ட் கிடைத்தது. மேலவீட்டுக்காரர்களின் பூமி அது. பட்டா கைக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் புஷ்பபாய் மேலவீட்டுக் கிணற்றில்தான் வெள்ளம் கோரினாள். அவசரநிலை முடிந்த வருடம், மாசியிலேயே வெயில் பிளந்தது. ஒருநாள் காலையில் குடத்தோடு போனபோது கிணற்றில் வாளியும் இல்லை, கயிறும் இல்லை. மேலவீட்டுச் சரசம்மா வாசலில் நின்று மலையாளத்தில் சொன்னாளாம், "பூமி சொந்தமாயிட்டு கிட்டியல்லோ புஷ்பே, இனி கிணறும் சொந்தமாயிட்டு குழிச்சோ." சொந்தக் கிணறு வெட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று.

புஷ்பபாய் அன்று காலி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். அழவில்லை, மூக்கு மட்டும் சிவந்திருந்தது. எங்கள் கிணறு அந்தக் கோடையில் வற்றிச் சேறாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் நெய்யாற்றுக் கால்வாய்க்கு நடந்தாள். கால்வாயில் வெள்ளம் விட்ட நாள் கலங்கல், விடாத நாள் அதுவும் இல்லை. குடம் தூக்கிச் சரிவில் ஏறும்போது ஒருமுறை வழுக்கி விழுந்து முட்டித் தோலெல்லாம் பெயர்ந்தது. எனக்கு அவளைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது, அவள் புருஷன் மேல் எரிச்சலாகவும் இருந்தது. ஊருக்கெல்லாம் வெட்டுகிறவன் வீட்டில் ஒரு கிணறு இல்லையென்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பொன்னப்பன் அப்போது அபுதாபியில் இருக்கிற விஜயதாஸின் புது வீட்டுக்குக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். கான்கிரீட் வீடு, பால் காய்ச்சுக்கு அவன் லீவில் வருவதற்குள் வெள்ளம் காண வேண்டும் என்று பேச்சு. "அது முடியட்டும், இடவப்பாதி மழைக்கு முந்தி நம்மளுக்கு வெட்டுவோம். ஒரு நாளைக்கு ஒரு கெணறுதான் என்னைக்கொண்டு ஆவும்" என்றார் மனைவியிடம்.

அன்று நடந்த சண்டை என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "ஊருக்கு வெட்டும்போ பெலன் உண்டு, எனக்கு வெட்டும்போ இல்ல. பாதி நேரம் இரிச்சிக்கிட்டே இரிந்தா எங்ஙன ஆவும்? நீரு இரிந்த நேரத்துல பத்துக் கெணறு வெட்டியிருக்கலாம்" என்று அவள் கத்தினாள். பிறகு குரல் தாழ்ந்தது. ஆனால் அந்த வார்த்தையை நான் தெளிவாகக் கேட்டேன். "இரிக்காம வெட்டுத ஒரு ஆம்பிளய கர்த்தர் எனக்குத் தந்திருந்தா."

மறுநாள் சாயங்காலம் விஜயதாஸ் வீட்டு வேலை முடிந்து வந்த பொன்னப்பன், கை கால் கழுவாமல் தன் முற்றத்தின் வடகிழக்கு மூலையில் நின்று கூந்தாலியை ஓங்கினார்.

அப்படித் தொடங்கியது அந்தக் கிணறு. பகலில் விஜயதாஸுக்கு, சாயங்காலத்தில் தனக்கு. முதல் சில நாட்கள் இங்கேயும் உட்கார்ந்துதான் வெட்டினார். பிறகு உட்கார நேரமில்லாமல் போயிற்று, வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டுமே. காலையில் பேசாமல் இருக்கிற ஆள், காலையில் எரிந்து விழ ஆரம்பித்தார். கூந்தாலி தீட்டப்படாமல் கிடந்தது. ஆள் கீழே போகப் போகக் கண் உள்ளே போயிற்று. நான் புஷ்பபாயிடம், "ரெண்டு நாள் விடு புஷ்பம், அந்த மனுஷன் முகத்தப் பாரு" என்றேன். "பாத்துக்கிட்டுதான் இரிக்கேன், வெள்ளம் கண்டா எல்லாம் சரியாவும்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் இரண்டு இழுப்பு இழுத்து மேலே வந்தார். கடவம் பாதிகூட நிறைந்திருக்கவில்லை. கிணற்றங்கரையில் நின்று, "கேட்டு" என்றார்.

"என்ன கேட்டு?"

"மற்றவன் வெட்டுத சத்தம்."

விஜயதாஸ் வீட்டுக் கிணற்றுச் சத்தமாக இருக்கும் என்றாள் புஷ்பபாய். அங்கே வெட்டுகிறவனே நான்தானே என்றார் அவர். இனி இதில் இறங்க மாட்டேன், மூடிவிட்டு மழைக்குப் பிறகு வேறு இடத்தில் தோண்டுவோம் என்றார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கு நடந்தாள். முட்டிக்காயத்தோடு நொண்டி நொண்டிப் போனாள். அவர் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை நான் ஜன்னல் வழியே கண்டேன். அவர் மனம் மாறியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. ஊரில் பாதிப்பேர் சபைக்குப் போயிருந்தார்கள். புஷ்பபாய் போகவில்லை. எனக்கு ஒரு கல்யாணத் துணி முடிக்க வேண்டியிருந்ததால் காலையிலேயே மெஷினில் உட்கார்ந்தேன். பொன்னப்பன் கிணற்றில் இறங்குவதையும் பார்த்தேன். அவர் இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் முற்றத்துக் கொல்லாமா மரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார்.

கப்பி கிரீச்சிடத் தொடங்கியது. என் காதுக்கு அவர் வேலையின் நடை பழகிப்போனது. ஏழெட்டுத் தடவை கிரீச், பிறகு ஒரு நீண்ட அமைதி, பிறகு மறுபடி. அன்று அமைதி வரவில்லை. கிரீச், மண் கொட்டுகிற சத்தம், கிரீச், மண் கொட்டுகிற சத்தம். நான் ஜாக்கெட்டுக்கு ஒரு கை தைத்து முடித்தேன், அடுத்த கையும் முடித்தேன். நிற்கவில்லை. முதலில், பரவாயில்லையே, இன்றைக்கு ஆள் உஷாராக இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு என் கால் மெஷினை மிதிப்பதும் அந்தத் தாளத்துக்கே விழுவதைக் கவனித்தேன். காலை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் பாதம் தரையில் அசைந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது, எழுந்து வெளியே வந்தேன்.

வேலியருகே வந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் பொன்னப்பன் கொல்லாமாவின் அடியில் உட்கார்ந்திருந்தார். முதுகு மரத்தில், கை இரண்டும் முழங்கால் மேல். புஷ்பபாய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எவ்வளவோ நாளாகக் காணாத சந்தோஷம். முற்றம் முழுக்கச் செம்மண் குவிந்து கிடந்தது. அவள் ஒரு கடவத்தைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்கினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. கேலியாகத்தான் கேட்டேன். "ஏட்டி புஷ்பம், ஒனக்க மாப்பிள இஞ்ச இரிக்காரு. நீ யாருக்க கடவத்த இழுக்க?"

கேட்டு முடிக்கும்போதுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே புரிந்தது.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். மரத்தடியைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அவள் கையில் இருந்த கயிறு ஒரு தடவை இழுபட்டது. கடவம் நிறைந்துவிட்டது, தூக்கு.

"அடுப்புல கஞ்சி பொங்குச்சு, ஒருக்கா உள்ள போனேன்" என்றாள் என்னிடம். "அப்ப ஏறி வந்திருப்பாரு."

"அப்ப கீழ யாரு?"

கயிறு மறுபடி ஒரு தடவை இழுபட்டது. நாங்கள் இரண்டு பேரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை, பாதிச் சுவருக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஒரு சத்தம் போட்டால் தெரிந்துவிடும். பொன்னப்பண்ணா என்று நான் வாயைத் திறந்தேன். புஷ்பபாய் மண் அப்பிய உள்ளங்கையால் என் வாயை அடைத்தாள். அந்த ஒரு வார்த்தையைக் கிணற்று வாயில் சொல்லக் கூடாது என்று அவளை அவர்தானே பழக்கியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளும் அதைச் சொன்னதில்லை. இப்போது சொல்லியிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது என்று தெரிந்திருக்கும். புஷ்பபாயைத் தவிர வேறு யாராவது அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள்.

அப்போது கயிறு இரண்டு தடவை இழுபட்டது.

நான் மேலே வருகிறேன், இறுக்கிப் பிடி. அவள் கை பழக்கத்தில் தானாகவே இறுகியது. கயிறு விறைத்தது. கனம் ஏறியது, அவள் தோள் முன்னால் சாய்ந்தது. கீழே சுவரில் ஒரு கால்குழியிலிருந்து மண் உதிர்கிற சத்தம் கேட்டது.

மரத்தடியில் இருந்தவர் அசையவில்லை. "விட்டிரு" என்றார். பொன்னப்பனின் குரல்தான். அவசரமில்லாத, நிதானமான குரல்.

புஷ்பபாய் அவரைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். "இரிக்கதக் கண்டா எனக்குத் தெரியாதா?" என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியவில்லை. "ஊரு முழுக்கச் சிரிச்ச இரிப்பில்லியா. கீழ உள்ளது இரிக்கவே இல்ல. காலையிலயிருந்து இரிக்கவே இல்ல."

அவள் கயிற்றை விட்டாள். கப்பி உருண்டு உருண்டு கயிறு முழுவதும் உள்ளே போனது. கடைசி முனையும் போனது. கீழே விழுந்த சத்தம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

மரத்தடியில் இருந்தவர் எழுந்து வந்தார். முற்றத்தின் ஓரத்தில் அஸ்திவாரத்துக்கென்று கொண்டுவந்து போட்ட ஒரு பாறை கிடந்தது. நாலு பேர் சேர்ந்து இறக்கியது. அதை ஒருவராகவே உருட்டிக்கொண்டு வந்து கிணற்று வாயை மூடினார். பக்கத்தில் வந்தபோதுதான் கவனித்தேன். அவர் மேல் ஒரு பொட்டுச் செம்மண் இல்லை. முழங்காலில் இல்லை, நகத்தில்கூட இல்லை. குளித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த வெள்ளத்தில் குளித்தார் என்று யோசிக்க எனக்கு அன்று முழுநாள் ஆயிற்று. புஷ்பபாய்க்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

அன்று சாயங்காலமே அவர் தென்மேற்கு மூலையில் புதிதாக ஒரு கிணறு தொடங்கினார். நிற்காமல் வெட்டினார். அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளம் கண்டார், கற்கண்டு மாதிரி வெள்ளம். விஜயதாஸ் வீட்டுக் கிணற்றையும் அதே வாரத்தில் முடித்தார். ஊருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதுவரை கேலி பேசினவர்களெல்லாம், "மடியன் திருந்திட்டான்" என்றார்கள். விஜயதாஸே லீவில் வந்தபோது அவர் வேலையைப் பார்த்து அசந்து போய், அபுதாபியில் தன் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று விசா ஏற்பாடு செய்தான்.

அவர் மறுபடி உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்றபடி கஞ்சி குடிப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெஞ்சு காலியாகக் கிடக்கும், இவர் பக்கத்தில் நிற்பார். மரத்தடியில் அன்று ஒரே ஒரு தடவை உட்கார்ந்து காட்டியதோடு அவருக்கு அந்தத் தேவை முடிந்துவிட்டது போல. புஷ்பபாயை அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஊர் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. அவள் என் வீட்டுக்கு வருவது அதிகமாயிற்று. வந்தால் பேச மாட்டாள். மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மட்டும் சொன்னாள். "கெடந்தாலும் கண்ணு அடைக்கது இல்ல அக்கா. நெஞ்சில கை வச்சுப் பாத்தேன். ஒரே தாளத்துல வெட்டிக்கிட்டு நிக்குது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? எனக்கும் அன்று அழுகை வந்தது.

ஓணத்துக்கு முன் அவர் விமானம் ஏறினார். ஊரே திரண்டு வழியனுப்பியது. மறுநாளே புஷ்பபாய் பொழியூரில் இருக்கிற தன் தம்பி சத்தியதாஸை வரவழைத்தாள். இரண்டு பேரால் அந்தப் பாறையை அசைக்க முடியவில்லை, லாரி ஜாக்கி கொண்டுவந்து தள்ளினார்கள். சத்தியதாஸ் கடலில் போகிறவன், பயம் தெரியாது. இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்ல அக்கா. மண்ணு மட்டும்தான்" என்றான். கயிறு இல்லை, கடவம் இல்லை, கூந்தாலி இல்லை. எலும்பும் இல்லை. அவனுக்கு நிம்மதி. பைத்தியக்காரத்தனம் பண்ணாதே என்று அக்காவைத் திட்டிவிட்டுப் போனான்.

அவள் களியக்காவிளைச் சந்தையில் புதுக் கயிறும் கடவமும் வாங்கி வந்து கப்பியை மறுபடி மாட்டினாள்.

இது இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பங்கஜாட்சியைப் போல இன்னொருத்தி என்கிறார்கள். கல்ப் பணம் வந்து தலைக்கு ஏறிவிட்டது என்று சரசம்மா சொல்வதாகக் கேள்வி. அவர் வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது பாறை மறுபடி கிணற்று வாய்க்குப் போய்விடும். போன மறுநாள் சத்தியதாஸ் ஜாக்கியோடு வந்துவிடுவான். இப்போது அவன் திட்டுவதில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில் நான் வேலி தாண்டிப் போனேன். அதுவரை பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. புஷ்பபாய் கடவத்தை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். "பிடிச்சுப் பாரு அக்கா" என்று கயிற்றை என் கையில் தந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இழுப்பு. வலுவில்லாத, மெதுவான இழுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கடவம் நிறைய ஈரச் செம்மண் வந்தது. கொட்டினோம். மறுபடி இறக்கினோம், மறுபடி வந்தது. ஏழெட்டு வந்திருக்கும். அதன் பிறகு கயிறு அசையவில்லை.

நான் பயந்துபோய் அவளைப் பார்த்தேன். "என்னாச்சு?"

"இரிக்காரு" என்றாள். முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவளும் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கொல்லாமாவில் காக்கை ஒன்று கரைந்தது. நாங்கள் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்தக் கூடாது என்பது போல அவள் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருந்தாள்.

நான் மெதுவாகக் கேட்டேன். "ரெண்டு இழுத்தா தூக்கிருவல்லா?"

அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணைக்கு ரெண்டு இழுத்தாரு, அக்கா. நான் விட்டுட்டேன்" என்றாள். "அதுக்குப் பொறவு ஒண்ணுதான்."

கயிறு ஒரு தடவை அசைந்தது. அவள் எழுந்து இழுக்கத் தொடங்கினாள்.